புறா பெருகும் முன்பே ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய நாமக்கல் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

கொல்லிமலையில் விடுதி, உணவகம், அலுவலகம் என்று கட்டடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றிலும் சன்ஷேடு, வென்டிலேட்டர், ஏசி பெட்டிக்கான மேடை. இவை எல்லாமே மாடப்புறாவுக்குக் கூடு வைக்கத் தோதான இடங்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

மாடப்புறா இயல்பில் பாறைப் பறவை. செங்குத்தான பாறையின் வெடிப்பில் வாழ்ந்து பழகிய இனத்துக்கு நம் சன்ஷேடும் பாறை விளிம்புதான். நாலு குச்சியைப் போட்டு இரண்டு வெள்ளை முட்டை இடும். வெயில் ஏறியதும் ஆண் வந்து அடையில் உட்காரும். பொழுது சாயும் நேரத்தில் பெண் திரும்பி வந்து இரவெல்லாம் காக்கும். பதினெட்டு நாள் வாக்கில் குஞ்சு வெளிவரும். மஞ்சள் தூவியோடு, கண் திறக்காமல், தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து அது குடிப்பது தயிர்க்கட்டி போன்ற ஒரு பால். தாய், தகப்பன் இருவரின் தொண்டைப் பையிலும் அது சுரக்கிறது. பெண்களுக்குத் தாய்ப்பால் சுரக்கக் காரணமான புரோலாக்டின்தான் இதற்கும் காரணம். குஞ்சுக்காகப் புழு பூச்சி தேடி அலைய வேண்டாம் என்பதால், தானியம் கிடைக்கும்வரை வருடத்தின் எந்த மாதத்திலும் குஞ்சு வளர்க்கலாம். இவ்வளவு அன்பான பெற்றோர் பறவைகளில் குறைவு. அதைச் சொல்லாமல் புகாரை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பெருகிய பிறகு இவற்றைக் குறைப்பது மிகக் கடினம். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரம் 1961 முதல் 1985 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றது. எண்ணிக்கை குறையவில்லை, செத்தவற்றின் இடத்தை இளம் புறாக்கள் நிரப்பின. 1988-இல் தீனி போட வேண்டாம் என்று மக்களிடம் எடுத்துச் சொல்லத் தொடங்கிய பிறகே, சில ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தது. மும்பையில் 2025-இல், புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மூடப்போய் போராட்டம், நீதிமன்றம் என்று எவ்வளவு அமளி! எச்சத்தூசியால் வரும் நுரையீரல் அழற்சி ஒருபக்கம், காலங்காலமான நம்பிக்கை ஒருபக்கம். தீனி போடுவது மக்களின் பழக்கமாக வேரூன்றிய பிறகு எந்த உத்தரவும் காயப்படுத்தவே செய்யும்.

முட்டைக்குப் பேர்போன மாவட்டம் தங்களுடையது. கோழிக்கழிச்சல் நோயின் வைரஸில் புறாவைத் தாக்கும் வகை ஒன்று உண்டு. அது கோழிக்கும் தொற்றக்கூடியது. அந்நோய்க்காகக் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி நாட்டுக்கோழிகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. மலைவீடுகளில் கோழி மேய்வதும் சாமையும் கேழ்வரகும் காய்வதும் ஒரே வாசலில்தான். புறா கூட்டமாக இறங்க விரும்பும் இடமும் அதுவே.

இன்னொரு கவலையும் உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறா இம்மலைக் காடுகளில் இருக்கிறது. பச்சை இறகு, சிவந்த அலகு. மரத்தடியில் உதிர்ந்த விதையையும் பழத்தையும் தனியாகப் பொறுக்கித் தின்னும் கூச்ச சுபாவி. மாடப்புறாக்கள் தொண்டையில் சுமக்கும் ஒருவகை ஒட்டுண்ணி, பொதுவான நீர்நிலை வழியாக மற்ற புறா இனங்களுக்கும் பரவும். காட்டோரத்தில் மாடப்புறா கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது மரகதப்புறாவுக்கும் நல்லது.

எனவே, மலையில் இனி எழும் அரசுக் கட்டடங்களில் விளிம்புகளைப் புறா உட்கார முடியாதபடி நன்றாகச் சரித்துக் கட்டவும், காற்றுத் துளைகளுக்கு ஆரம்பத்திலேயே கம்பிவலை அடிக்கவும் பொதுப்பணித் துறைக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். தனியார் விடுதிகளுக்கும் அனுமதியின்போதே இதை நிபந்தனையாக்கலாம். விஷம் வைப்பதும் பசை தடவுவதும் எங்கும் கூடாது. மற்ற பறவைகளும் அதில் மாட்டிச் சாகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கொண்டு இப்போதே ஒரு கணக்கெடுப்பு நடத்தினால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைக்கும்.

வல்வில் ஓரி விழா ஆடி 17, 18 தேதிகளில் வருகிறது. மலைக்கு அதிகக் கூட்டமும் அதிக மிச்சச் சோறும் சேரும் நாட்கள் அவை. அதற்கு முன்பே உத்தரவு வந்தால், மூடிய குப்பைத் தொட்டிகளை விழாத் திடலிலிருந்தே வைக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கொல்லிமலையை நேசிக்கும் ஒரு வாசகர்