ரெய்டு 0: வேகமும் டபுள், ரிஸ்க்கும் டபுள்

இன்கம்டாக்ஸ் ரெய்டு இல்லீங்க, இது ஹார்ட் டிஸ்க் சமாச்சாரம். ரூம்மேட் ரெண்டு டிஸ்க்கை ரெய்டு 0-ல கோர்த்துட்டு, "மச்சி, ஸ்பீடு டபுள்டா!"ன்னு குதிச்சான். தங்கச்சி கல்யாண போட்டோ மொத்தமும் அதுலதான். வேற காப்பி கிடையாது!

கணக்கு சிம்பிள் மக்களே. ஒரு டிஸ்க் வருஷத்துல புட்டுக்க 5% வாய்ப்புன்னு வெச்சுக்குவோம். ரெண்டுல ஏதாவது ஒண்ணு போக 9.75%. நாலுன்னா 18.5%. 'ஒண்ணு போனா பாதி மிஞ்சுமே'ன்னு நினைக்காதீங்க. 64 கிலோபைட் துண்டுகளா மாத்தி மாத்தி எழுதினா, 4 மெகாபைட் போட்டோ ஒண்ணு டிஸ்க்குக்கு 32 துண்டா கிடக்கும். பாதித் துண்டை வெச்சு என்ன பண்றது?

1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் 1 முதல் 5 வரைதான் இருந்தது. 0 அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது. பாதுகாப்பு ஜீரோன்னு பேர்லயே இருக்கு!

என்னைக் கேட்டா, திரும்ப டவுன்லோடு பண்ணக்கூடிய கேம்ஸுக்கு ரெய்டு 0 ஓகே. வேகம்தான் வேணும்னா ஒரே ஒரு எஸ்எஸ்டி போதும். ரெய்டு 1 கூட பேக்கப் ஆகாது. தப்பா அழிச்சா ரெண்டுலயும் அழியும்.

நேத்து என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அவன் கையில கொடுத்து, காப்பி எடுக்க வெச்சுட்டுத்தான் தூங்கினேன்.