மைக்கைக் கூட்டாதேங்கோ, மேடையைக் குறையுங்கோ

சின்ன மண்டபத்தில் பாட்டு வரிகள் விளங்காவிட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, மைக்கைக் கூட்டுங்கோ." என் அபிப்பிராயத்தில் அது பெரும்பாலும் பிழையான மருந்து.

நூறு பேர் இருக்கிற இடத்தில் ட்ரம்ஸுக்கு மைக்கே தேவைப்படாது. அதை மேவ கிட்டாரைக் கூட்டுவம், கிட்டாரை மேவ குரலைக் கூட்டுவம். ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்ச் சுத்தி, கடைசியில் மைக் கூவும். முதலில் குறைய வேண்டியது மேடைச் சத்தம்தான்.

1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றைக்கும் பாவனையில் இருக்கு. அது முன்னால் வாற சத்தத்தை நல்லா எடுக்கும், நேர் பின்னால் வாறதை மிகக் குறைவாகத்தான் எடுக்கும். பாடகரின் மொனிட்டரை அந்தப் பின்பக்கத்தில் வையுங்கோ. மைக்கின் வலைத் தலையை ஸ்டைலுக்காகக் கையால் பொத்தினால் அந்தக் குணம் கெட்டு, கூவல் கூடும்.

வெறும் மண்டபத்தில் சரிபார்த்த சத்தம் சனம் நிறைஞ்ச பிறகு மாறும். ஆக்களின்ர உடம்பும் உடுப்பும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிவிடும். அதனால் முதல் பாட்டுக்கே சவுண்ட்காரர் பின்வரிசைக்கு நடந்துபோய்க் கேட்க வேணும்.

மங்கள விளக்குக்கும் வரவேற்புரைக்கும் நேரம் ஒதுக்கிற நாங்கள், சவுண்ட் செக்குக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குவதில்லை. பிறகு பழி முழுக்க அந்த அண்ணையின் தலையில். அவரும் அந்த இசைக்குழுவில் ஒருவர்தான். ஒத்திகைக்கே அவரைக் கூப்பிடுங்கோ.