அஞ்சலுக்குத் தனி விலை வேண்டும்

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் ஆறேழு அறை வைத்து விடுதி நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய இணையதளம் நான்கைந்து பக்கம், சில படங்கள். வாடகை ஏறினால் மட்டும் அதைத் தொடுவார். மாசி மகத் தீர்த்தவாரிக்கு அறை கேட்கும் கடிதங்கள், பாஸ்போர்ட் நகல், ஜிஎஸ்டி பில் எல்லாம் வந்து குவிவது மின்னஞ்சலில்தான். தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் சேவையை விற்பவரோ ‘10 ஜிபி, எல்லாம் அடக்கம்’ என்று ஒற்றைப் பொட்டலமாக நீட்டுகிறார்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து விற்க வேண்டும். தளத்துக்கு எவ்வளவு இடம், அஞ்சல் கணக்கு எத்தனை, கணக்கு ஒன்றுக்கு எவ்வளவு இடம், எதற்கு என்ன விலை என்பதெல்லாம் தனித்தனியே தெரிய வேண்டும்.

பலர் பகிரும் மலிவான சர்வரில் தளமும் அஞ்சலும் பெரும்பாலும் ஒரே இடத்தைத் தின்கின்றன. அது நிரம்பிய நாளில் வரும் அஞ்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அறை கேட்டு ஒருவர் எழுதியதே விடுதிக்காரருக்குத் தெரியாது. அதே சர்வரிலுள்ள வேறொருவரின் தளத்தைக் கைப்பற்றி யாரோ ஸ்பேம் அனுப்பினால், சர்வரின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு நம்மவர் எழுதும் பதிலும் ஸ்பேமில் போய் விழும். ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்க மறந்தாலோ, தளத்தோடு பழைய கடிதங்களும் போயின.

மத்திய அரசு தன் அஞ்சல் விஷயத்தில் விவரமாகவே நடந்துகொண்டது. சுமார் 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் கணக்குகள் ஜோஹோ நிறுவனத்தின் சேவைக்கு மாறின; ‘ஜிஓவி.இன்’ என்ற முகவரியின் வால் மாறவில்லை. டொமைன் எனும் அந்த வால் ஒரு கையிலும் அஞ்சல் சேவை இன்னொரு கையிலும் இருந்ததால் அது முடிந்தது.

தனி விலை என்றால் கூடுதல் வசூல்தானே என்று கேட்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. சொந்த டொமைனில் அஞ்சலை 2006-ல் இலவசமாகத் தொடங்கிய கூகுள், 2012 டிசம்பரில் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 2022-ல் பழையவர்களையும் பணம் கட்டச் சொல்லி, முணுமுணுப்பு எழுந்தபின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு தந்தது. தனி விலை வைத்தாலும், தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கும் முறை சிறு கடைக்காரருக்குக் கட்டாது. முன்பதிவுக்கு ஒன்று, வரவு செலவுக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று என மூன்று முகவரி இருக்கும். மூன்றையும் திறந்து பார்ப்பவர் ஒரே ஆள். ஒரே பெட்டிக்கு வந்து சேரும் இத்தகைய மாற்று முகவரிகளைத் தனிக் கணக்காக எண்ணிக் காசு வாங்குவது அநியாயம்.

யூனிட் கணக்கைக் காட்டாமல் கரண்டுக்குப் பணம் கேட்கும் வீட்டுக்காரரை நாம் சும்மா விடுவதில்லை. இங்கும் அதே கண்டிப்பு வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகை இணைய ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டுவதற்குள் சிறுகச் சிறுக ஏற்றுவதும், எளிதில் விலக முடியாத சந்தாவும் அதில் அடக்கம். ஹோஸ்டிங் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவையே. முதல் ஆண்டு விலையைக் கொட்டை எழுத்திலும் புதுப்பிக்கும் விலையைப் பொடி எழுத்திலும் போடும் பழக்கத்தை ஆணையம் தட்டிக் கேட்க வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட இரண்டு விலையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். தளத்தை நிறுத்தினாலும் அஞ்சலை மட்டும் தொடர வழி இருக்க வேண்டும். வெளியேறுபவர் தன் பழைய கடிதங்களைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லவும் விட வேண்டும்.