அளவுகள் யாருக்குச் சொந்தம்?

நோயாளியின் காய்ச்சலை அளந்த மருத்துவன் அதனை நோயாளிக்கு மறைத்து அயல்வீட்டானுக்குக் கூறிச் சென்றால், அவனை என்னென்பது? 2011ஆம் ஆண்டு யப்பானிய அரசு தன் மக்களுக்கு இழைத்த அநீதி இத்தகையதே.

அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிப் புக்குசிமா அணுமின் நிலையம் சீர்குலைந்தது. கதிர்வீச்சு எத்திசையிற் பரவும் எனக் கணித்து வரைபடமாகக் காட்டுதற்கென்றே 'ஸ்பீடி' என்னும் கணனி அமைப்பை அவ்வரசு பெரும் பொருட்செலவில் நிறுவியிருந்தது. நாமியே நகரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் வடமேற்கேயுள்ள சுசிமாப் பகுதியிற் தஞ்சம் புகுந்தனர். நச்சுக்காற்று அத்திசையிற் செல்லக்கூடும் என அவ்வமைப்புக் காட்டியது. ஆயினும் அவர்களுக்கு அதனை எடுத்துரைப்பார் எவருமிலர். மார்ச் 14ஆம் நாள் அக்கணிப்புகள் அமெரிக்கப் படையினருக்கு வழங்கப்பட்டன. சொந்த மக்கள் முதல் வரைபடத்தைக் கண்டதோ 23ஆம் நாளன்று!

"வெளியேறிய கதிர்வீச்சின் அளவு தெரியாமையாற் கணிப்பு நம்பத்தக்கதன்று, மக்கள் பீதியடைவர்" என்பது அதிகாரிகள் கூறிய சமாதானம். அளவு தெரியாவிடினும் காற்றின் திசை தெரிந்ததன்றோ? உயிர்தப்ப ஓடுவோனுக்கு முதலில் வேண்டியது திசையே.

அரசு வாய்மூடியிருந்த வேளையில் மக்கள் தாமே அளக்கத் தொடங்கினர். 'சேப்காஸ்ட்' என்னும் தொண்டர் குழுவினர் கைகர் கருவியை மோட்டார் வண்டியின் சாளரத்திற் பொருத்தி வீதிவீதியாகச் சென்றனர். ஐந்து விநாடிக்கொருமுறை கதிர்வீச்சின் அளவும், இடமும், நேரமும் பதிவாயின. ஒரே ஊரில் ஒரு தெருவின் அளவு அடுத்த தெருவின் அளவன்று என்பதை அவர்களது வரைபடம் மெய்ப்பித்தது. பின்னர் நிலையான கருவிகளையும் வலையமைப்பில் இணைத்து, அளவுகளை உடனுக்குடன் காட்டினர். இன்று 10 கோடிக்கு மேற்பட்ட அளவீடுகள் எவரும் தடையின்றி எடுத்தாளத்தக்க பொதுச்சொத்தாக உள்ளன.

அரசும் பின்னர் விழித்தெழுந்து, பாடசாலைகளிலும் பொதுவிடங்களிலும் ஏறத்தாழ 3,000 அளவுகருவிகளை நிறுவியது. ஆனால் 2018இல், கதிர்வீச்சுக் குறைந்துவிட்டதெனக் கூறி, அவற்றுள் ஏறத்தாழ 2,400 கருவிகளை அகற்ற அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணையம் முற்பட்டது. உலை இன்னும் அகற்றப்படவில்லை. கருவியை மாத்திரம் அகற்றுவதா? மக்கள் எதிர்த்து நின்றனர். 2019இல் ஆணையம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

வயலில் உழைப்போரே, அறிவுத்துறையில் உழைப்போரே! மழையையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் காற்றின் மாசையும் கணத்துக்குக் கணம் அளந்து வரைபடமாக்கும் கருவிகள் உலகெங்கும் பெருகி வருகின்றன. கருவி பெருகுவதால் மாத்திரம் காவல் கிட்டிவிடாது. யப்பானிற் கருவிக்கோ அறிவுக்கோ குறைவிருந்ததா? குறைவிருந்தது மக்களை நம்பும் மனத்திலேயே. மக்கள் வரிப்பணத்தால் எடுக்கப்படும் அளவு மக்களுக்கே உரியது. அதிகாரியின் மேசையிற் தோன்றும் வரைபடம் அதே கணத்தில் உழவனின் கையிலும் தோன்றவேண்டும். இதனைச் சலுகையாக இரந்து நிற்கத் தேவையில்லை, உரிமையாகக் கேட்போம்.