டேலியாவும் கைராசியும்



போன வாரம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். வாசலில் ஒரு டேலியாச் செடி காய்ந்து கிடந்தது. தை மாதம் பூவோடு வாங்கிய தொட்டியாம். "இவ கை பட்டா எதுவும் தங்காது" என்று மருமகளைக் காட்டிச் சொன்னார் அந்த வீட்டு அம்மா. கல்யாணமாகி நான்கு வருடமான பெண். அந்தச் சொல் செடிக்கு மட்டும் சொன்னதல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நானும் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அது உறுத்துவதால்தான் இந்தப் பதிவு.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ நாட்டு மலைப்பகுதி. 1963இல் அந்த நாடு அதைத் தேசிய மலராக அறிவித்தது. குளிர்ச்சி கேட்கும் பூ. ஊட்டியில் மே மாதத்திலும் பூக்கும். நம் வந்தவாசியில் மார்கழி முதல் மாசி வரைதான் அதன் காலம். பங்குனி வெயில் ஏறினால் இலை காய்ந்து தண்டு சாயும். யார் கை பட்டாலும் சாயும்.

ஆனால் செடி சாகவில்லை. மண்ணுக்குள் சர்க்கரைவள்ளி போலக் கிழங்கு இருக்கும். தண்டு காய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். கிழங்குக் கொத்தை உடையாமல் தோண்டி, அடித்தண்டைக் கொஞ்சம் விட்டு வெட்டி, நிழலில் உலர்த்திக் காய்ந்த மணலில் வையுங்கள். முளை வருவது தண்டோடு சேரும் கழுத்தில்தான். கழுத்து ஒடிந்த கிழங்கு முளைக்காது. ஐப்பசியில் தொட்டியில் நட்டு, அடைமழை படாமல் தாழ்வாரத்தில் வையுங்கள். மழை ஓய்ந்ததும் வெயிலுக்கு மாற்றலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

நானும் முதல் இரண்டு வருடம் காய்ந்த செடியைக் குப்பையில் போட்டவள்தான். எனக்குக் கைராசி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் என்ற மரியாதை! வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அந்த மரியாதை ஏன் இல்லை?

செடி காய்ந்தால் காலண்டரைப் பாருங்கள், மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மருமகள் கையைப் பார்க்காதீர்கள். கைராசி என்ற பேச்சை நம் வீடுகளிலாவது விட்டுவிடுவோம்.

நேற்று மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார், மருமகள் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொட்டியைக் கவிழ்த்தேன். சின்னதாக நான்கு கிழங்குகள். "அட, உயிரோடதான் இருக்கா டீச்சர்?" என்றார் அந்த அம்மா. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, மணல் எடுத்துவரப் போனாள். ஐப்பசியில் அவள் கையால்தான் நடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
வந்தவாசி