புள்ளைக்கு ஏதுங்க வருமானம்?

நாலு வயசுப் பையன். நெஞ்சுல சின்னதா ஒரு ஓட்டை. "பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா ரொம்பத் தள்ளிப்போடாதீங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். காப்பீட்டுக் கார்டு இருந்தா கவலையே இல்லைன்னு சொந்தக்காரங்க எல்லாரும் தைரியம் சொன்னாங்க. அந்தக் கார்டுக்குத்தாங்க இப்ப நாயா அலையறோம்.

என் தங்கச்சி மகன் அவன். மாப்பிள்ளைக்கு கடலூர் முதுநகர்ல ஒரு பாத்திரக்கடையில வேலை. கடையில மொத்தமே மூணு பேர், அதனால ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சம்பளம் 11,000. வாடகை, கேஸ், பால், பையனோட மருந்துன்னு போனா மாசக் கடைசியில என்ன மிஞ்சும்னு உங்களுக்கே தெரியும். ஆனா அரசாங்கத்துக்கு வேற கணக்கு. பன்னெண்டு மாசத்துக்கு 1,32,000. முதலமைச்சர் காப்பீட்டுக்கு உச்சவரம்பு 1,20,000. ஆக, 12,000 ரூபா கூடுதலா சம்பாதிச்சு நம்ம மாப்பிள்ளை வசதியானவர் ஆயிட்டார். வாழ்க!

திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. 2009-ல கலைஞர் பேர்ல வந்துச்சு. 2012-ல அம்மா ஆட்சியில பேர் மாறி, ஆளுக்குத் தகுந்தாப்புல படமும் மாறி, இப்ப குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கிடைக்குது. காது கேக்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வச்ச கதையெல்லாம் நெஜம். வருமான வரம்பையும் 72,000-லேர்ந்து 2022-ல இந்த 1,20,000-க்கு ஏத்தினாங்க. அதாவது மாசம் பத்தாயிரம். பத்தாயிரத்துல குடும்பம் நடத்தறவன் ஏழை, பதினோராயிரத்துல நடத்தறவன் யாருங்க?

வேடிக்கை என்னன்னா, மாப்பிள்ளை செஞ்ச ஒரே குத்தம் கேட்டவங்ககிட்ட உள்ள சம்பளத்தைச் சொன்னதுதான். தெருவே தலையில அடிச்சுக்குது. "யாராவது நெஜத்தைச் சொல்வாங்களாப்பா?" எங்க தெருவுல எல்லாருக்கும் ஆண்டு வருமானம் 72,000-தான். வாடகை வாங்கறவருக்கும் 72,000, வாடகை குடுக்கறவருக்கும் 72,000. ரெண்டு மாடி வீடு, வாசல்ல கார், உள்ள பீரோவுல காப்பீட்டுக் கார்டு. வருமான சர்ட்டிபிகேட்ல இருக்கறது யார் வருமானம்னு எழுதினவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும்.

துறைமுகத்துப் பக்கம் போய் இதையே கேளுங்க. ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில கட்டிக் கிடக்கும். தடை முடிஞ்சு போனா ஒரு நாள் நல்ல பாடு கிடைக்கும், மறுநாள் டீசல் காசு கூடத் தேறாது. அவங்ககிட்ட "ஆண்டு வருமானம் எவ்வளவு?"ன்னு கேட்டா என்ன சொல்வாங்க? கடல்கிட்ட சேலரி ஸ்லிப் வாங்கிட்டு வரணுமா?

சரி, சர்ட்டிபிகேட்டாவது சுலபமா வருதா? இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி உக்காந்தா சர்வர் இல்ல. சர்வர் வந்தா ஓ.டி.பி. எப்பவோ தொலைஞ்ச பழைய நம்பருக்குப் போகுது. அதெல்லாம் முடிஞ்சப்புறம் மையத்துப் பொண்ணு ஸ்க்ரீனைப் பார்த்துட்டே கேக்குது, "சார், ரேஷன் கார்டுல பையன் பேரு இல்லையே?" பேர் இல்லாத பையன் குடும்பத்துல சேர்த்தி இல்லையாம். நெஞ்சுல ஓட்டையோட எதிர்ல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கான், அவன் இல்லையாம்!

ஜி.எச்.ல எல்லாம் ஃப்ரீதானேன்னு கேப்பீங்க. ஃப்ரீதான், கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா இந்த ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போகச் சொல்றாங்க. அங்க போய்த் தங்கற நாளுக்கெல்லாம் கடையில சம்பளம் கட். அப்ப ஒருவேளை வருமானம் வரம்புக்குள்ள வந்துடுமோ என்னவோ.

எனக்கு ஆத்தாமை எங்கன்னா, 2024 அக்டோபர்ல டெல்லியில ஒண்ணு ஆரம்பிச்சாங்க: 70 வயசு ஆனவங்களுக்கு வருமானமே பார்க்காம 5 லட்சம் காப்பீடு. நல்ல விஷயம், பெரியவங்க நல்லா இருக்கட்டும். அதே மனசு நாலு வயசுக்கு ஏன் வரல? வயசானவருக்காவது பென்ஷன், வாடகைன்னு ஏதாவது வரும். இந்தப் பயலுக்கு என்ன வருது? உண்டியல்ல போடச் சொல்லி நான் குடுக்கற அஞ்சு ரூபா காயின்தான். அமெரிக்காவுல 1997-லயே, பரம ஏழையும் இல்லாம வசதியும் இல்லாம நடுவுல மாட்டின வீட்டுப் புள்ளைங்களுக்குன்னே தனிக் காப்பீடு போட்டாங்க. அதைப் பெருசு பண்ற மசோதாவை 2007-ல அதிபர் புஷ் ரெண்டு தடவை வீட்டோ பண்ணினார்ங்கறது வேற கதை. எல்லா ஊர்லயும் ஒரு புஷ் இருப்பார் போல.

இன்னொண்ணு. கார்டு கைக்கு வந்தாலும் அட்மிஷன் போட்டாத்தான் அது பேசும். புள்ளைங்களுக்கு வர்ற சளி, இளைப்பு, காய்ச்சலுக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஓ.பி.யில காட்டினா கையிலேர்ந்துதான் அழணும். டாக்டர் ஃபீஸ், சிரப், நெபுலைசர்... பத்தாயிரக்காரன் பாக்கெட்டைக் காலி பண்றதே அதுதானே!

நேத்து கடை முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருக்கார், "சம்பளம் 9,500-ன்னு லெட்டர் எழுதித் தர்றேன், கொண்டு போய்க் குடு." நல்ல மனுஷன்தான். மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணி ரொம்ப நேரம் தயங்கிட்டுக் கேட்டார்: "மச்சான், வாங்கிடலாம்தான்... அடுத்த மாசம் அதையே சம்பளமாக் குடுத்துடுவாரோ?"