எத்தனை ஊர் என்பதா, எந்த ஊர் என்பதா?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லா வகுப்புகளிலும் ஒரே பேச்சுத்தான். "இந்த வருடம் சுற்றுலா எங்கே?" அடுத்த ஆண்டு எங்கள் தங்கைகளுக்கும் இதே கேள்வி எழும். ஆகவே பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எடுத்த முடிவையும், அதற்கான காரணங்களையும் இந்த ஆண்டு மலரில் எழுதி வைக்க விரும்புகிறோம்.

எங்களில் பாதிப் பேர் ராஜபாளையம், பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர். குற்றாலத்தையும் கன்னியாகுமரியையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. எனவே இம்முறை வடக்கே போவது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எங்கே இறங்குவது என்பதில்தான் சண்டை. ஆளுக்கொரு ஊர் சொன்னோம். மதுரை, கொடைக்கானல், திருச்சி, கல்லணை, தஞ்சாவூர், நாகூர், வேளாங்கண்ணி என்று கரும்பலகை நிறைந்தது. மூன்று நாளில் ஏழு இடம்! கை தட்டி மகிழ்ந்தோம்.

எங்கள் புவியியல் ஆசிரியை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "தூரத்தைக் கூட்டிப் பாருங்கள்" என்றார்கள், அவ்வளவுதான். கூட்டினோம். போக வர ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 22 மணி நேரத்துக்கு மேல் பேருந்திலேயே கழியும். உண்ணவும் உறங்கவும் வேண்டிய நேரத்தைக் கழித்தால் ஓர் ஊருக்கு இரண்டு மணி நேரம் கிடைப்பதே அரிது. அதிலும் கோயில்களில் நண்பகலுக்குப்பின் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். பிந்திப் போனால் மதில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் எழுதியது நினைவுக்கு வந்தது. அவர் கனடாவில் செவிலியராகப் பணிபுரிகிறார். சென்ற கோடையில் வான்கூவரிலிருந்து அலாஸ்கா செல்லும் கப்பலில் ஏழு நாள் பயணம் போனார். கெட்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே என்று வழியில் சில துறைமுகங்களில்தான் இறங்க முடியும். அங்கும் சில மணி நேரமே கப்பல் நிற்கும். ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கப் படகில் போகலாம், அல்லது மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்கப் போகலாம். ஸ்காக்வேயில் 1900-இல் கட்டி முடித்த மலை ரயிலில் ஏறலாம், அல்லது ஊருக்குள் நடந்து பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டவர்கள் கப்பலைப் பிடிக்க ஓடினார்களாம். அவர் ஓர் ஊரில் ஒன்றுதான் என்று தீர்மானித்தார். பனியாற்றின் எதிரே இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கப்பலில் போகிறவர்களுக்கே இந்தக் கணக்கு என்றால், பேருந்தில் போகிற நமக்கு?

சரி, குறைப்பது என்று முடிவாயிற்று. எதைக் குறைப்பது? கொடைக்கானலா தஞ்சாவூரா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

கொடைக்கானல் கட்சியைக் குறைவாகச் சொல்ல மாட்டோம். குளிர், மேகம், 1863-இல் உருவாக்கப்பட்ட ஏரி இவை மட்டுமல்ல. அங்குள்ள சூரிய ஆய்வு நிலையத்தில் 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாய்வதைக் கண்டறிந்தார். இயற்பியல் படிக்கிற நமக்கு அது பெருமைதானே? தஞ்சைக் கட்சியோ 1010-இல் முடிந்த பெரிய கோயிலையும், சரசுவதி மகால் நூலகத்தையும், கல்லணையையும் எடுத்துக்காட்டியது. "மலை எங்கும் போய்விடாது" என்றாள் ஒருத்தி. "கோயில் மட்டும் போய்விடுமா?" என்றாள் மற்றொருத்தி.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு தோழி எழுந்து, "மூன்று நாள் என்றால் நான் வரவில்லை" என்றாள். அவளுடைய அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறார்கள். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. ஊர்ப் பெயர்களைக் கூட்டிக்கொண்டே போனபோது, அந்தப் பட்டியலிலிருந்து யார் யார் பெயர் கழிந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள், ஓர் இரவு, தஞ்சாவூரும் கல்லணையும் மட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு நாள் வண்டி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிஞ்சின. கட்டணம் குறைந்தது. விடுபட்டவர் ஒருவரும் இல்லை. வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்றவர்களும், அரை மணி நேரத்தில் ஓடி வருவதற்கு அது இடமல்ல, வீட்டாரோடு போகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

போய் வந்தோம். பெரிய கோயில் புல்வெளியில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாயச் சாயக் கல்லின் நிறம் மாறுவதைக் கண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழியர்தாம் முதலில் ஒன்றைக் கவனித்தார்கள். எங்கள் ஊரில் 192 அடி உயரமும் 11 நிலையும் கொண்டு வானை முட்டுவது வாசல் கோபுரம். தஞ்சையிலோ வாசல் கோபுரங்கள் தாழ்ந்து நிற்க, கருவறைக்கு மேலுள்ள விமானம் ஓங்கி நிற்கிறது. ஏன் என்று அன்றிரவு வெகு நேரம் பேசினோம். தினமும் பார்க்கிற எங்கள் கோபுரத்தைத் தஞ்சாவூரில்தான் புதிதாகப் பார்த்தோம்! மறுநாள் கல்லணையில், கண்மாய்ப் பாசனம் செய்யும் வீட்டுப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்கு அங்கிருந்த பெரியவர் ஒருவர் சலிக்காமல் பதில் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் இவை நடந்திருக்குமா?

"கல்யாணமாகிப் போனபின் நம் இஷ்டப்படி எந்த ஊரைப் பார்க்கப் போகிறோம்? கிடைக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி. எங்களில் சிலருக்கு இதுவே நாமாகத் தேர்ந்து போகும் கடைசிப் பயணமாகவும் இருக்கலாம். ஆனால் அதனால்தான் சொல்கிறோம்: ஒரே முறைதான் என்றால், சன்னல் வழியே ஏழு ஊரைப் பார்ப்பதைவிட ஓர் ஊரில் இறங்கி நடப்பது மேல் அல்லவா? மேலும் சம்பாதிக்கத் தொடங்கியபின் நம் இஷ்டப்படி போகவே மாட்டோம் என்று இப்போதே ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும்? கொடைக்கானலில் குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். அதற்குச் சேர்ந்து போவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

வருகிறவர்கள் மட்டுமல்ல, ஊர்களும் இதையே கேட்கின்றன. கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டும். அதே ஆண்டு முதல் ஜூனோவும் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்று வரையறுத்துக்கொண்டது. ஓடி வந்து ஓடிப் போகிற கூட்டம் அவ்வூராருக்கும் பாரந்தான்.

ஆகவே தங்கைகளே, அடுத்த ஆண்டு கரும்பலகையில் ஊர்ப் பெயர் எழுதுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே அரை நாளாவது தங்க முடியுமா? நாம் போய்ச் சேரும் நேரத்தில் கதவு திறந்திருக்குமா? வகுப்பில் எல்லோரும் வர முடியுமா? மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள். நாங்கள் அதைக் கடைசியில்தான் கேட்டோம்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்